வைத்தியத்துக்கு அட்டை உண்டு, கூலிக்கு?

அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி பழக்கமானதாக இருக்கும். “டாக்டர், எப்போ வேலைக்குப் போகலாம்?” மருத்துவர் ஏதோ ஒரு பதில் சொல்வார். கேட்டவர் தலையாட்டிவிட்டு வெளியே வருவார். “சரி, அதுவரைக்கும் என்ன பண்றது?” என்ற அடுத்த கேள்வியை அவர் மருத்துவரிடம் கேட்பதில்லை. மனைவியிடம் கேட்பார், அல்லது தனக்குள் கேட்டுக்கொள்வார். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்து கிடக்க வேண்டும். வீடு திரும்பிய பிறகு படுக்கைதான். மறுநாள் எழுந்து சித்தாள் வேலைக்கோ, தையல் மெஷினுக்கோ, லாரி ஓட்டவோ போக உடம்பு இடங்கொடுக்காது. மிஞ்சிய இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் ஆள் வைத்துக்கொள்ள எந்த மேஸ்திரியும் தயாராக இல்லை.

நோய்க்கு எப்போதும் இரண்டு பில்கள் உண்டு. முதல் பில் ஆஸ்பத்திரியில் வரும். இரண்டாவது பில் வீட்டுக்கு வரும்: வாடகை, மளிகைக்கடை நோட்டு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வட்டிக்காரர். முதல் பில்லைக் கட்ட நம் அரசுகள் கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் நிறையவே செய்திருக்கின்றன. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகப் புதிய வடிவம் எடுத்தது. 2018-ல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் அதோடு இணைந்தது. இன்று தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. டயாலிசிஸும் அதற்குள் அடங்கும். இவை எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன, அதில் எனக்குக் கொஞ்சமும் ஐயமில்லை. ஆனால் இரண்டாவது பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு எங்கே போக வேண்டும் என்றே தெரியவில்லை. சட்டங்களையும் திட்டங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டிப் பார்த்தால், அவருக்குத் தெரியாமலிருப்பதில் வியப்பில்லை என்று புரிகிறது.

கூலியில்தான் தொடங்கியது

நாடு முழுவதற்குமான முதல் மருத்துவக் காப்பீடு மருத்துவத்துக்காக மட்டும் பிறக்கவில்லை. 1883-ல் ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சியில் வந்த சட்டம், நோயில் விழுந்த தொழிலாளிக்கு மூன்றாம் நாளிலிருந்து 13 வாரம் வரை பாதிக் கூலி கொடுத்தது. அந்தக் காலத்து மருத்துவரால் செய்ய முடிந்ததே குறைவு. தொழிலாளியின் பெரிய இழப்பு கூலிதான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிறகு அறுவைச் சிகிச்சையும் மருந்துகளும் வளர வளர, ஆஸ்பத்திரி பில் பெருத்து, கூலியின் கணக்கை மறைத்துவிட்டது.

இந்தியாவில் இந்தச் சிந்தனைக்குத் திட்ட வடிவம் கொடுத்தவர் பேராசிரியர் பி.பி. அடார்க்கர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1943-ல், ஆலைத் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீடு வகுக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அறிக்கை தந்தார். அதிலிருந்து விளைந்ததுதான் 1948-ன் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், நாம் இ.எஸ்.ஐ. என்று சொல்வது. 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1955-ல் பஞ்சாலைகளின் ஊரான கோவையில் அடியெடுத்து வைத்தது.

அரசியல் சாசனம் எழுதியவர்களும் இதை மறக்கவில்லை. 41-ம் பிரிவு, வேலையின்மை, முதுமை, நோய், உடல் இயலாமை ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. நோயும் இயலாமையும் அங்கே இரண்டு தனிச் சொற்கள். இந்த வேறுபாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த திட்டங்கள் பெரும்பாலும் இயலாமையை எடுத்துக்கொண்டு நோயை விட்டுவிட்டன. 41-ம் பிரிவு வழிகாட்டும் நெறிகளுக்குள் இருப்பதால், அதைக் காட்டி நேராக நீதிமன்றப் படியேற முடியாது. பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு என்ற சொற்களும் அதில் உண்டு. 1952-ல் உலகத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 102-ம் உடன்படிக்கை, நோய்க்கால வருமானத்தையும் நிரந்தர இயலாமையையும் தனித்தனிக் கிளைகளாகவே வைத்திருக்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்யவில்லை.

இ.எஸ்.ஐ. லீவுப் பணம்

நோயால் போன கூலியைச் சட்டப்படி திரும்பக் கேட்க வழியுள்ள ஒரே பெரிய அமைப்பு இ.எஸ்.ஐ. ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

பத்து பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள், மாற்றுத்திறனாளி என்றால் 25,000-க்குள்: இவர்களுக்கு இ.எஸ்.ஐ. கட்டாயம். 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். நோய் வந்து, இ.எஸ்.ஐ. மருத்துவர் ஓய்வு எழுதிக்கொடுத்தால், சராசரி நாள் கூலியில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். மாதம் 15,000 வாங்குபவருக்கு நாளொன்றுக்கு 350 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். காசநோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம், தீவிர மனநோய் என 34 நீண்டகால நோய்களுக்கு இந்தத் தொகை 80 சதவீதமாக உயரும், இரண்டு ஆண்டு வரை நீளும். அதற்கு இரண்டு ஆண்டுத் தொடர் வேலையும் அதற்குள் 156 நாள் சந்தாவும் வேண்டும். வேலையில் அடிபட்டு வந்த தற்காலிக முடக்கத்துக்கு 90 சதவீதம்.

நல்ல சட்டம். இப்படி எழுதிவைத்த கைகளை வணங்கலாம். நடைமுறையில் சட்டத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவே நாட்கணக்கு வந்து நிற்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒரு சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டப்பட்டிருந்தால்தான், அதற்கு மூன்று மாதம் கழித்துத் தொடங்கும் ஆறு மாதப் பயன்காலத்தில் பணம் கேட்க முடியும். ஏப்ரலில் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஜனவரியில்தான் வாசல் திறக்கும். முதல் ஒன்பது மாதத்துக்குள் நோய் வந்தால் மருத்துவம் கிடைக்கும், கூலி கிடைக்காது. நெடுநாள் நோய்கள் மெல்லமெல்லத்தான் ஆளை வீழ்த்துகின்றன. காசநோய் என்று கண்டுபிடிப்பதற்கு முன்பே பல வாரம் இருமலும் மாலைக் காய்ச்சலுமாகச் சம்பளமில்லாத லீவு போட்டிருப்பார். அந்த நாட்களெல்லாம் அடுத்த அரையாண்டுத் தகுதியைக் கரைத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

அடுத்தது வேலையின் தன்மை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒரே கூரையின் கீழ் கம்பெனி ஆள், காண்ட்ராக்ட் ஆள், பீஸ் ரேட் ஆள் என மூன்று வகையினர் உட்கார்ந்து தைப்பார்கள். சம்பளத்தில் பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டதா என்பது, நோய் வந்து டிஸ்பென்சரி கவுன்டரில் நிற்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. காண்ட்ராக்டர் மாறும்போது எண்ணும் மாறி, பழைய சந்தா ஒரு பக்கம், புதிய சந்தா ஒரு பக்கம் என்று கிடப்பதும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தன் காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, இணையத்தில் சந்தாவைச் சரிபார்த்துக்கொள்வதைத் தொழிற்சங்கங்கள் ஓயாமல் சொல்லித்தர வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போது யாருக்கும் அதில் நாட்டம் இருப்பதில்லை. நோய் வந்த பிறகு நேரமில்லை.

1948-ம் ஆண்டுச் சட்டத்தின் 73-ம் பிரிவு, நோய்க்கால உதவி பெற்றுவரும் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்றது. ஆனால் காண்ட்ராக்ட் ஆளை யாரும் ‘நீக்குவது’ இல்லை. “உடம்பு சரியானதும் சொல்லு, பார்க்கலாம்” என்பார்கள். அந்தச் சொல்லுக்கு எதிராக எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது?

சம்பளம் 21,000-ஐத் தாண்டியவர் நிலை இன்னும் வெறுமை. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பு தருகிறது. பதின்மூன்றாம் நாளிலிருந்து முதலாளியின் மனசுதான்.

இதெல்லாம் இ.எஸ்.ஐ. உள்ளவர்களின் கதை. நாட்டின் உழைப்பாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் அமைப்புசாரா வேலையில் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த வாசலுக்குள் வந்ததே இல்லை.

விரலுக்கு ஒரு கணக்கு

1923-ன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. வேலையில் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, இரண்டு கணு போனால் 11, ஒரு கணு போனால் 9. ஒரு கையின் நான்கு விரலும் போனால் 50. முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. இன்னொரு முறை படித்தபோது, இவ்வளவு துல்லியம் இருக்கிறதே, இதை வைத்து ஒரு மில் தொழிலாளி தைரியமாகப் பணம் கேட்கலாமே என்றும் தோன்றியது. இரண்டும் உண்மைதான். கணக்கிட முடிந்த இழப்புக்குச் சட்டம் இரங்குகிறது.

அதே சட்டம் தொழில்நோய்களுக்கும் இடம் தந்திருந்தது. கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸ், பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ் இரண்டும் அதன் மூன்றாம் அட்டவணையில் இருந்தன. பஞ்சுத்தூசி நோய் தொடக்கத்தில் வாரவிடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் மார்பை இறுக்கும், பிறகு தணியும். ஆண்டுகள் போகப்போக எல்லா நாளும் இறுக்கும். ஆனால் அறுந்த விரல் தானே சாட்சி சொல்கிறது. அடைத்த நுரையீரலுக்கு எக்ஸ்-ரேயும் மூச்சுச் சோதனையும், தூசிக்கும் நோய்க்கும் முடிச்சுப் போட்டு எழுத ஒரு மருத்துவரும், எத்தனை வருஷம் எந்த ஆலையில் இருந்தார் என்பதற்குப் பதிவேடும் வேண்டும். கல்குவாரிக் கூலிக்குப் பதிவேடு ஏது? அவர் தன் நோயைக் காசநோய் என்றே எண்ணி, அதற்கு மருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டே கடைசியில் போய்ச் சேர்கிறார்.

அதற்குப் பிறகு வந்த மலிவுக் காப்பீடுகளும் இந்த வழியிலேயே நடக்கின்றன. 2015-ல் வந்த பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால், விபத்தில் இறந்தாலோ முழுதும் முடங்கினாலோ 2 லட்சம், பகுதி முடக்கத்துக்கு 1 லட்சம். கூடப் பிறந்த ஜீவன் ஜோதி திட்டம் மரணத்துக்கு. விபத்துக்கு உண்டு, சாவுக்கு உண்டு. நடுவே ஆறு மாதம் படுக்கையில் கிடந்து பிழைத்து எழுபவருக்கு இரண்டிலும் ஒன்றுமில்லை.

சதவீதம்

“பர்சன்டேஜ் எவ்வளவு போட்டிருக்காங்க?” மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அலுவலக வராந்தாவில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி இது. ஓய்வூதியம், பஸ் பாஸ், வங்கிக் கடன், இடஒதுக்கீடு எல்லாம் அந்த எண்ணில் தொங்குகின்றன.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பெரிய முன்னேற்றம். 1995-ன் பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் இருந்தன, இதில் 21. தாலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய், பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எல்லாம் உள்ளே வந்தன. பெரும்பாலான உரிமைகளுக்கு 40 சதவீதம் எல்லைக்கோடு. இந்தப் பட்டியலில் சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. இதயச் செயலிழப்பு, புற்றுநோய், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு ஆகியவையும் இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவரால் வேலைசெய்ய இயலாது என்று இ.எஸ்.ஐ. ஒப்புக்கொண்டு 80 சதவீதக் கூலி தருகிறது. சட்டைப்பையில் இ.எஸ்.ஐ. அட்டை இல்லாத அதே நோயாளியை மாற்றுத்திறனாளிகள் சட்டம் நோயாளி என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்புகிறது. ஒரே அரசு, ஒரே நோய்.

சர்க்கரை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். காலில் புண் வருகிறது, ஆறாமல் பெருகுகிறது. ஒரு விரலை எடுக்கிறார்கள். கட்டுப்போட வாரம் மூன்று தடவை அலைகிறார், காலை ஊன்றக் கூடாது என்கிறார்கள், பெயிண்டர் வேலை நின்றுபோகிறது. காலைக் காப்பாற்ற இரண்டு வருஷம் போராடுகிறார். அந்த இரண்டு வருஷமும் அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு சான்றிதழ் கிடைக்கிறது, உதவித்தொகைக்கு மனுப்போடும் தகுதியும் வருகிறது. கால் போவதற்கு முன்பே, வீட்டில் இருந்து புண்ணை ஆற்றிக்கொள்ளும்படி மாதம் கொஞ்சம் பணம் கிடைத்திருந்தால் அந்தக் காலுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. பணம் இல்லாததால் புண்ணோடு ஏணியில் ஏறியவர்கள் எத்தனையோ பேர்.

ஏறி இறங்கும் நோய்களும் சதவீதத்துக்குள் அடங்குவதில்லை. முடக்குவாதம் உள்ள பெண்ணுக்குக் காலையில் விரல் மடங்காது, பிற்பகலில் டம்ளரைப் பிடித்துவிடுவார். ஒரு மாதம் நன்றாக இருப்பார், அடுத்த மாதம் எழ முடியாது. மெடிக்கல் போர்டு கூடிய அன்று எப்படி இருந்தாரோ அதுவே எண்ணாகிறது. வலி, களைப்பு, மூச்சிரைப்பு ஆகிய மூன்றும்தான் உழைப்பாளியை வேலையிலிருந்து வெளியேற்றுகின்றன. கோணமானியும் அளவுநாடாவும் அளக்காதவை அவை.

இதில் ஒரு விதிவிலக்கு எனக்கு நம்பிக்கை தருகிறது. மனநோயால் வரும் இயலாமையை மதிப்பிட இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கிய ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோல் நான்கு விஷயங்களைக் கேட்கிறது: தன்னைப் பராமரித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை. வேலை என்பதற்குள் சம்பள வேலை, வீட்டு வேலை, படிப்பு மூன்றும் சேரும். இவரால் வேலைசெய்ய முடிகிறதா என்று நேராகக் கேட்டு மதிப்பெண் போடும் அளவுகோல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதே முக்கியம். வீட்டு வேலையையும் வேலை என்று அது எண்ணுவது அதைவிட முக்கியம். ஆறு பேருக்குச் சமைத்து, தண்ணீர் தூக்கி, மாமியாரைக் குளிப்பாட்டிவந்த பெண் நோயில் விழுந்தால், கூலியிழப்பு என்று எழுத எந்த விண்ணப்பத்திலும் இடமில்லை. அவர் விட்ட வேலையைப் பெரும்பாலும் பள்ளியிலிருந்து நின்ற மகள் எடுத்துக்கொள்கிறாள்.

எவ்வளவு தருகிறார்கள்

தொகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழ்நாடு முதியோர் ஓய்வூதியத்தை 1962-லேயே தொடங்கியது. ஆதரவற்ற மாற்றுத்திறனாளிகளுக்கு 1974-ல். இன்றும் ஊர்ப்பேச்சில் எல்லாமே ஓ.ஏ.பி. பணம்தான். முதியோர் தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயானது. வருவாய்த்துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் அதே ஆண்டு ஜனவரியில் 1,500 ஆனது. 2016-ன் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி மற்றவர்களுக்கானதைவிடக் குறைந்தது நாலில் ஒரு பங்கு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. 1,200-க்குக் கால் பங்கு கூட்டினால் 1,500. சட்டம் கேட்ட அளவை நூலிழை பிசகாமல் தொட்டு நிற்கிறது அந்தத் தொகை. கடும் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு முதலியவை உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தனியாக மாதம் 2,000 தருகிறது.

ஒன்றிய அரசின் இந்திரா காந்தி பெயரிலான மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் 2009-ல் வந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழ், 80 சதவீதம் பாதிப்பு என்ற இரண்டையும் கடந்து வருபவருக்கு மாதம் 300 ரூபாய். 2012 முதல் அதே 300. நாடாளுமன்ற நிலைக்குழு உயர்த்தச் சொல்லிப் பலமுறை பரிந்துரைத்தும் அசையவில்லை. அந்த 300 ரூபாயின் மேல் தமிழ்நாடு தன் பணத்தைப் போட்டுத்தான் மேற்சொன்ன தொகையாக்குகிறது.

நோய் என்பதையே தகுதியாக ஏற்கும் சில சன்னல்களும் நம் மாநிலத்தில் உண்டு. 2011-ல் வந்த முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம், காசநோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்ற நோய்களால் தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாத விவசாயக் கூலிகளுக்கும் சிறு விவசாயிகளுக்கும் மாதம் 1,000 ரூபாய் தர வழிசெய்தது. தற்காலிக இயலாமை என்ற சொல் அங்கே இருப்பதைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. வி.ஏ.ஓ. அலுவலகத்தில் இதைக் கேட்டுப் பெறலாம் என்று தெரிந்த கூலிக்காரர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். காசநோயாளிகளுக்கு ஒன்றிய அரசு 2018 முதல் சத்துணவுக்கென மாதம் 500 ரூபாய் கொடுத்து, 2024 நவம்பரில் 1,000 ஆக்கியது. அது முட்டைக்கும் பயறுக்கும். கூலிக்கு ஈடாக நினைத்துக் கொடுத்ததல்ல. கட்டடத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 1994-லிருந்தே நலவாரியம் இருக்கிறது. நாட்டுக்கே முன்னோடியான வாரியங்களில் ஒன்று. பக்கவாதம், தொழுநோய், புற்றுநோய், காசநோய், விபத்து இவற்றால் நிரந்தரமாக முடங்கியவருக்கு ஓய்வூதியம் என்பது கட்டடத் தொழிலாளர் நல விதிகளிலேயே இருக்கிறது. நிரந்தரமாக என்ற சொல்லைக் கவனியுங்கள். ஓராண்டு மருந்து சாப்பிட்டு எழுந்துவிடக்கூடிய கொத்தனாருக்கு அந்தக் கதவு திறக்காது.

பி.எப். உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள்? அந்தப் பணத்தை எடுத்துச் சாப்பிடுகிறார்கள். நோய்க்கு முன்பணம் எடுக்க விதிகள் நெடுங்காலமாகவே தாராளமாக அனுமதித்துவந்திருக்கின்றன. அது அவருடைய சொந்தச் சேமிப்பு, அறுபது வயதில் சாப்பிட வேண்டிய சோறு. வேலையில் இருக்கும்போதே முழுதும் நிரந்தரமாக முடங்கினால் 1995-ன் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் உண்டு. அதன் குறைந்தபட்சம் 2014 முதல் 1,000 ரூபாய்.

பக்கத்து மாநிலங்கள்

முடியாது என்பதற்கில்லை. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உத்தானம் என்ற பகுதி, காரணம் முழுதும் தெளிவாகாத சிறுநீரக நோயால் ஊர் ஊராகப் பாதிக்கப்பட்டது. தென்னந்தோப்பும் முந்திரியும் செழித்த கரையோரம். அந்தக் குடும்பங்களின் கதறல் அரசியலாகி, டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு மாத ஓய்வூதியம் என்ற கருத்து அங்கே வேரூன்றியது. இன்று அந்தத் தொகை மாதம் 10,000 ரூபாய். 2019 டிசம்பரில் ஆந்திரம் இன்னும் ஓரடி முன்னால் போனது. அரசுக் காப்பீட்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கு, மருத்துவர் சொன்ன ஓய்வுக்காலத்துக்கு நாளொன்றுக்கு 225 ரூபாய், மாதம் 5,000 வரை என ‘ஆசரா’ திட்டத்தைக் கொண்டுவந்தது. முதல் பில்லைக் கட்டும் கையே இரண்டாவது பில்லிலும் ஒரு பகுதியைக் கட்டியது. நான் பார்த்தவரையில் நம் கேள்விக்கு மிக நெருங்கி வந்த விடை அதுதான்.

கேரளத்தில் ‘சமாஸ்வாசம்’ திட்டம் டயாலிசிஸ், ஹீமோபிலியா நோயாளிகளுக்கு மாத உதவி தருகிறது. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவருக்கும் ‘ஆஸ்வாசகிரணம்’ வழியாக 600 ரூபாய். மிகச் சிறிய தொகைதான். ஆனாலும் பராமரிக்கும் பெண்ணின் கூலியும் போயிற்று என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ராஜஸ்தான் 2019-ல் சிலிக்கோசிஸுக்கென்றே கொள்கை வகுத்து, நோய் உறுதியானதும் 3 லட்சமும் மாத ஓய்வூதியமும் தருகிறது.

வளர்ந்த நாடுகளில் எல்லாம் சுகம் என்று நினைக்க வேண்டியதில்லை. பிரிட்டன் 2008-ல் வேலைத்திறன் சோதனை ஒன்றைப் புகுத்தி, கை தூக்க முடிகிறதா, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று புள்ளி போட்டு, 15 புள்ளி எடுத்தவருக்கு உதவி என்றது. நோயாளிகள் அதனால் பட்ட பாடு அந்நாட்டு அரசியலில் ஆறாத புண். ஆனாலும் மறுக்கப்பட்டவர் தனித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், போனவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வென்றும் வருகிறார்கள். இங்கே தாசில்தார் அலுவலகம் மனுவைத் தள்ளினால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம்தான் மேல்முறையீடு. மூச்சிரைப்பவர் பஸ் ஏறி, வரிசையில் நின்று, மனுவை நீட்ட வேண்டும்.

நோயை நிரூபிக்கும் பாரத்தை நோயாளியின் தலையிலேயே ஏற்றியிருப்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற இடம். இ-சேவை மையம், வருமானச் சான்று, ஆர்.ஐ. விசாரணை, போர்டு தேதி, அடையாள அட்டை என்று நடக்கத் தெம்புள்ளவருக்கே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் பத்திரப்படுத்துங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைக்காதீர்கள், ஓய்வு தேவை என்று மருத்துவர் வாயால் சொன்னதைச் சீட்டில் எழுதித்தரக் கேளுங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எந்தத் தேதியிலிருந்து வேலைக்குப் போகவில்லை என்று ஒரு வரி அதில் இருந்தால், இ.எஸ்.ஐ. ஆனாலும் இழப்பீட்டு வழக்கானாலும் பாதித் தொலைவு கடந்த மாதிரி.

அரசுக்கு இந்த நோயாளிகள் யாரென்று தெரியாது என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு தேடிப் போகிறது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை கொடுக்கிறது, முடங்கியவர்களுக்கு இயன்முறைப் பயிற்சி தருகிறது, வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் திரவப்பைகள் தருகிறது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். இவர் போன மாதம் வேலைக்குப் போனாரா, எத்தனை நாள் போனார் என்று அதே வாசலில் கேட்டுக் குறித்துக்கொள்ள இன்னும் ஒரு நிமிடம் ஆகும். அந்தக் குறிப்பே விண்ணப்பமாகித் தாசில்தார் மேசைக்குப் போய்ச் சேர்ந்தால், மூச்சிரைப்பவர் பஸ் ஏற வேண்டியதில்லை.